இருவர் மட்டும்: சென்னையிலிருந்து செட்டிநாடு வரை ஆறு நாள் கார்ப் பயணம்

"ஒரு நாள் ரெண்டு பேரும் மட்டும் கார எடுத்துட்டு எங்கயாவது போகணும்." கல்யாணமாகிப் பத்து வருஷம் தாண்டிய வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. அந்த ஒரு நாள் வராமலே போவதற்குப் பணத்தைக் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காலண்டரில் வட்டம் போடாததுதான் காரணம். பிள்ளையின் பரீட்சை, அலுவலக ஆடிட், மச்சினன் வீட்டு வளைகாப்பு எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது. தேதியுள்ள காரியங்கள் தேதியில்லாத காரியத்தைத் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே முதலில் தேதி, பிறகுதான் ஊர்.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்காகப் போட்ட திட்டம் இது. புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, தாராசுரம், தஞ்சாவூர், திருமயம், செட்டிநாட்டுக் கானாடுகாத்தான், பிறகு திருச்சி வழியாக வீடு. ஐந்து இரவு, ஆறு பகல். ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து ஏறக்குறைய 1,050 கிலோமீட்டர். வேறு ஊரிலிருந்து கிளம்பினாலும் வண்டி, வீடு, பை பற்றிய கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும்.

தேதி எப்படிப் பார்ப்பது

இந்த வழிக்குப் பொங்கல் கூட்டம் வடிந்து இரண்டு வாரம் கழித்து, அதாவது பிப்ரவரி மாதம், நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலூரிலிருந்து நாகை வரையுள்ள கரைதான் புயலுக்கு வாசல்படி. ஏப்ரல், மே மாதங்களில் தஞ்சைப் பெரிய கோயில் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

மாதம் முடிவானதும் தினசரி காலண்டரைக் கையில் எடுங்கள். முகூர்த்த நாட்களில் கும்பகோணம், தஞ்சாவூர், காரைக்குடி லாட்ஜுகளில் கல்யாணப் பார்ட்டிகள் மொத்தமாக அறை எடுத்திருப்பார்கள். மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கும். பிரதோஷ மாலையில் பெரிய கோயில் நந்தியைச் சுற்றிக் கூட்டம். கும்பகோணத்தில் மாசி மகம். இந்த நாலையும் தவிர்த்தால் அறை வாடகையும் குறையும், தெருவில் நடக்கவும் இடமிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை கிளம்பி வெள்ளிக்கிழமை மதியம் திரும்புங்கள். வாரக்கடைசிக் கூட்டம் புதுச்சேரியைக் காலி செய்கிற நேரத்தில் நீங்கள் அறை எடுப்பீர்கள். சனிக்கிழமை இரவு வாடகைக்கும் ஞாயிறு இரவு வாடகைக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் உண்டு. திரும்பும்போது, ஞாயிறு மாலை செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்து வரும் வரிசையில் நிற்க வேண்டாம். தேவைப்படுவது ஐந்து நாள் விடுப்பு. சனியும் ஞாயிறும் துணி துவைக்க, தூங்க மிச்சமிருக்கும்.

விடுப்பைக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன் இருவரும் ஒரே நாளில் எழுதிக் கொடுங்கள். "நீ முதல்ல கேளு, கிடைச்சா நான் கேக்கறேன்" என்று ஆரம்பித்தால் அடுத்த வருஷமும் இதே பேச்சுதான். அன்றே தரங்கம்பாடி, கானாடுகாத்தான் இரண்டு ஊருக்கும் அறை போட்டுவிடுங்கள். அங்கே தங்குமிடங்கள் மிகக் குறைவு. புதுச்சேரி, தஞ்சாவூர் அறைகளுக்கு இரண்டு வாரம் முன்பு போதும்.

எதையெல்லாம் விடுவது

இந்த வழியில் பயணம் கெடுவது பார்க்க ஒன்றும் இல்லாததால் அல்ல, எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால். சீர்காழி தாண்டினால் வைத்தீஸ்வரன்கோயில். கொஞ்சம் தள்ளினால் திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி. "இவ்ளோ தூரம் வந்துட்டு..." என்று ஒருவர் ஆரம்பித்தாலே போதும், ஒரு நாளில் ஏழு ஊர் ஆகிவிடும். தரங்கம்பாடியிலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில் திருக்கடையூர் வரும். அதை இப்போது தைரியமாக விட்டுவிடலாம், அறுபதாம் கல்யாணத்துக்கு எப்படியும் அங்கேதானே போகப்போகிறீர்கள்?

எங்கள் கணக்கு இது: ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம், ஸ்டீயரிங்கில் நாலு மணி நேரத்துக்கு மேல் இல்லை. கடைசி நாள் மட்டும் விதிவிலக்கு. கிலோமீட்டரை நேரமாக மாற்றும்போது கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மணிக்கு 50, டெல்டாவில் 40, திருச்சி–சென்னை நெடுஞ்சாலைக்கு 75 என்று வகுங்கள். மேப் காட்டும் நேரத்தில் டீ, டீசல், கழிப்பறை எதுவும் சேராது.

இருவரும் தனித்தனித் தாளில் மூன்று ஆசைகளை எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு தாளிலும் இருப்பது கட்டாயம். மீதியில் ஆளுக்கு ஒன்று. பேசியே முடிவெடுக்கலாம் என்றால் அவர் "உனக்கு எது பிடிக்குதோ அது" என்பார், அவள் "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்களே சொல்லுங்க" என்பாள். நாலாம் நாள்தான் தெரியும், இருவருக்குமே பிடிக்காத இடத்தில் நிற்கிறீர்கள் என்று.

சொந்தக்காரர்கள் விஷயத்தையும் கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். சென்னைக் குடும்பங்களுக்குக் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு பெரியப்பா, ஒரு அத்தை கட்டாயம் இருப்பார்கள். "எங்க ஊர் வழியா வந்துட்டு எட்டிக்கூடப் பாக்கலியே" என்ற குறை ஐந்து வருஷம் ஓடும். போனால் ஒரு பகல் போய்விடும், சாப்பிடாமல் விடமாட்டார்கள். போகாமல் இருப்பதென்றால், திரும்பி வரும்வரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கோபுரம் போடாதீர்கள்.

வண்டி

சர்வீசைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு முடியுங்கள், முதல் நாள் வேண்டாம். ஆயில் மாற்றியபின் டிரெயின் போல்ட்டில் கசிவு, சரியாக மாட்டாத ஹோஸ் கிளிப், காற்று வடிகட்டியின் மூடி போன்ற கோளாறெல்லாம் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் வெளியே தெரியும். சர்வீஸ் முடிந்து வந்ததும் ஒருநாள் இரவு வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்துக் காலையில் பாருங்கள். பளிச்சென்ற தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், கவலையில்லை. கறுப்போ பச்சையோ சிவப்போ தெரிந்தால் திரும்பக் கொண்டுபோங்கள்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன், அதாவது டயர் மேலுள்ள பள்ளங்கள், நன்றாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை நெடுஞ்சாலை வெயிலில் நம்பக்கூடாது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே மாற்ற வேண்டியதுதான். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளது. பல கார்களுக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐக்குள் வரும். டயர் ஆறியிருக்கும்போது, அதாவது காலையில் முதல் வேலையாகப் பிடியுங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆறியபின் குறைவாகிவிடும். ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள், கடையில் கேட்காமல் அதைத் தொடமாட்டார்கள்.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டயர் கடையில் ஏர் கன் வைத்து நட்டுகளை இறுக்கிவிடுவார்கள். வண்டியோடு வந்த சின்ன ஸ்பேனரால் ஏறி நின்று மிதித்தாலும் அது கழலாது. இதைக் கண்டுபிடிக்கச் சிதம்பரம் தாண்டி வயல் நடுவில் நிற்கவேண்டாம். வீட்டு வாசலிலேயே நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டைக் கழற்றி மறுபடி இறுக்கிப் பாருங்கள். அசையாவிட்டால் நீளக் கைப்பிடி ஸ்பேனர் ஒன்று வாங்கி டிக்கியில் போடுங்கள். இந்த வேலையை இருவருமே செய்து பார்ப்பது நல்லது. ஒருவர் டார்ச் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்பதில் பயனில்லை.

பேட்டரி நாலு வருஷம் ஆகியிருந்தால் சோதனை போடுங்கள். வைப்பர் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள், இறுகிப்போயிருந்தால் மாற்றுங்கள். டெல்டாவில் மாலையானால் முன்கண்ணாடி முழுக்கப் பூச்சி ஒட்டும், வெறும் தண்ணீரில் போகாது. வாஷர் டப்பாவில் அதற்கான திரவம் கலந்திருக்கட்டும்.

ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நாலையும் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் ஆப்பில் வரவழைத்துவையுங்கள், அது செல்லும். புகைச் சான்று பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும். யாரும் கேட்காததால் நமக்கும் மறந்துபோகிறது. ஃபாஸ்டேகில் முதல் நாள் இரவே பணம் போடுங்கள், சுங்கச்சாவடி வரிசையில் நின்று போட்டால் சில சமயம் ஏறத் தாமதமாகும். ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வைத்திருந்தாலும் அது தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்துக்கு மட்டுந்தான். மாநிலச் சாலைச் சுங்கத்துக்கு வழக்கமான இருப்பிலிருந்து பணம் போகும்.

அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033.

வீட்டை ஒப்படைப்பது

பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப்போவதென்றால் ஒரே தாளில் எல்லாம் இருக்கட்டும்: பள்ளி வேன் ஓட்டுநர் எண், டாக்டர் எண், எந்த மருந்து எத்தனை மில்லி, எந்த நாள் எந்த யூனிஃபார்ம். தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், போனில் அனுப்பினால் தாத்தா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். பிள்ளைகளோடு பேச மாலை ஏழரை மணி என்று ஒரே நேரம் வையுங்கள். நினைத்தபோதெல்லாம் கூப்பிட்டால் அங்கே சின்னவள் அழ ஆரம்பிப்பாள், இங்கே ஒருவர் "திரும்பிப் போயிடலாமா" என்பார்.

வீட்டைப் பூட்டிப்போவதென்றால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, மோட்டார் சுவிட்சை மெயினிலேயே நிறுத்தி, பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் சொல்லிவிடுங்கள். வாசலில் ஆறு நாள் பேப்பர் கிடந்தால் ஊருக்கே தகவல். பூட்டிய வீடு என்று உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சொல்லிவைக்கலாம்.

பையும் சாப்பாடும்

ஆளுக்கு ஒரு பை, பொதுவில் ஒரு சின்னப் பை. பொதுப் பை பின்சீட்டிலேயே இருக்கட்டும்: துண்டு, டார்ச், சார்ஜர், ஓஆர்எஸ் பொட்டலம் ஆறு, வழக்கமான மாத்திரைகள் இரண்டு நாள் கூடுதலாக, மெல்லிய பருத்திச் சாக்ஸ் இரண்டு ஜோடி. பகல் பதினோரு மணிக்குக் கருங்கல் பிராகாரத்தைச் சுற்றி வந்தவர்களுக்கு அந்தச் சாக்ஸின் அருமை தெரியும். ஆண்களுக்கு ஒரு வேட்டியும் துண்டும் கட்டாயம், சிதம்பரத்தில் நடராஜர் சன்னிதிக்கு முன்னுள்ள கனகசபையில் ஏறச் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். ஆதார் அட்டை இருவருடையதும் வேண்டும். ஒருவருடையதை மட்டும் நீட்டினால் பல இடங்களில் அறை தரமாட்டார்கள், கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும்.

முதல் நாள் சாப்பாட்டை வீட்டிலிருந்து எடுத்துப்போவது நல்லது. புளிசாதம் கெடாது, ஆனால் எண்ணெயில் சிக்கனம் பார்த்தால் மதியத்துக்குள் வறண்டுவிடும். தயிர்சாதந்தான் மோசம் போகும், கிளறிய நாலு மணி நேரத்தில் புளிக்கும். அதற்கு வழி இருக்கிறது. ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வேகவைத்து, சூடு இருக்கும்போதே மசித்து, காய்ச்சிய பால் ஒன்றரை டம்ளர் ஊற்றிக் கலக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தயிர் ஒரே ஒரு தேக்கரண்டி, உப்பு, தாளிப்பு. காலை ஐந்து மணிக்குப் பால்சாதமாகப் பாத்திரத்தில் ஏறுவது மதியம் ஒரு மணிக்குத் தயிர்சாதமாகத் திறக்கும். பால் சூடாக இருக்கும்போதே தயிரைப் போட்டால் திரிந்துவிடும், இரண்டு கரண்டி போட்டால் பத்து மணிக்கே புளித்துவிடும்.

நாள் கணக்கு

கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். இதைப் பெரிய இடைஞ்சல் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தத் திட்டமே அதன் மேல்தான் நிற்கிறது. காலையில் கோயில், நடை சாத்தியதும் ஏசியைப் போட்டு வண்டி, இரண்டு மணிக்கு அறை, தூக்கம், மாலை ஐந்துக்கு மறுபடி வெளியே. அந்த மதியத் தூக்கத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் மதியம் தூங்கி எத்தனை வருஷமாகியிருக்கும்!

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். கடப்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. உடைந்த செங்கல் மதில், எதிரே உப்பங்கழி, நிழல் கிடையாது. எட்டு மணிக்குள் பார்த்துவிட வேண்டிய இடம். அடுத்து மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் பத்தரைக்குப் புதுச்சேரி. அறை பன்னிரண்டுக்குத்தான் தருவார்கள். பையை ரிசப்ஷனில் வைத்துவிட்டு நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், அங்கே காரை நுழைக்கவே வேண்டாம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை வரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. அறை அந்தப் பக்கம் என்றால் பார்க்கிங் எங்கே என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பெட்ரோல் அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, டேங்கை நிரப்பிக்கொள்ளலாம். மது பாட்டிலை மட்டும் வண்டியில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். சோதனைச்சாவடியில் மாட்டினால் வழக்கு, வண்டியும் போகலாம்.

திங்கள் காலை ஏழுக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குச் சிதம்பரம். கடலூர் வழியாகப் போகும் இந்தப் பாதையில் நான்குவழிச் சாலை வேலை கட்டம் கட்டமாக நடந்து வந்திருக்கிறது. திடீரென்று மண் மேடு போட்டு மாற்றுப்பாதையில் தள்ளுவார்கள், மேப்புக்கு அது தெரியாது. பதினொன்றரை வரை நடராஜர் கோயில், பிறகு சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி.

அங்கே 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய ஊர் இது, தமிழில் புதிய ஏற்பாட்டை அவர் அச்சிட்டதும் இங்கேதான். 1845இல் டென்மார்க் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. கோட்டைக்கு நாலரைக்குள் போய்விடுங்கள், ஐந்து மணி வாக்கில் வெளியே அனுப்பத் தொடங்குவார்கள். அதன்பின் ராஜ வீதியில் ஒரு நடை, கடல் அரித்தது போக மிஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் ஓரம் உட்காரல். கடலில் இறங்க வேண்டாம், கற்களும் இழுப்பும் உள்ள கரை. ஊர் சீக்கிரம் அடங்கிவிடும், இரவுச் சாப்பாட்டைத் தங்குமிடத்தில் மதியமே சொல்லிவையுங்கள்.

செவ்வாய்க்கிழமைப் பயணத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். எட்டு மணிக்குக் கிளம்பி மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகப் பத்தேகாலுக்குத் தாராசுரம். மேப் "நாலு நிமிஷம் மிச்சம்" என்று சொல்லி வாய்க்கால் கரைச் சாலைக்குத் திருப்பும். அங்கே ஒரு டிராக்டர் எதிரே வந்தால் அரைக் கிலோமீட்டர் ரிவர்ஸ்தான், ஒரு பக்கம் தண்ணீர், தடுப்பு கிடையாது. மேப்பில் சேருமிடத்தை மட்டும் போடாமல் நடுவில் மயிலாடுதுறை, குத்தாலம், ஆடுதுறை என்று ஊர்களைச் சேர்த்துவிடுங்கள், பஸ் போகும் சாலையை விடாது.

தை, மாசி என்றால் சம்பா அறுவடை. சாலையில் பாதியை மறித்து நெல் காயும், ஓரத்தில் அடையாளத்துக்குக் கருங்கல் வைத்திருப்பார்கள், இருட்டில் அந்தக் கல் தெரியாது. வைக்கோல் பரப்பியிருந்தால் அதைவிட ஆபத்து. அதன் மேல் ஓட்டினால் அச்சில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும். காருக்கு அடியில் வைக்கோல் எரிந்து வண்டியே போனதும் நடந்திருக்கிறது. முடிந்தவரை ஓரமாக ஒதுங்கிப் போங்கள். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் மெதுவாகக் கடந்து, ஒரு கிலோமீட்டர் தாண்டி வெறும் தார்ச்சாலையில் நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள். தொங்குவதைக் கம்பால் இழுத்துவிடுங்கள், கையை விடாதீர்கள், சைலன்சர் சுடும். வைக்கோல் மேலேயே நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்க இறங்காதீர்கள். மாலை ஆறரைக்கு மேல் இந்தச் சாலைகளில் ஓட்டவே வேண்டாம். பின்விளக்கில்லாத டிராக்டர், மாடு, அறுவடை இயந்திரம் எல்லாம் அப்போதுதான் வீடு திரும்பும்.

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலைப் பன்னிரண்டுக்குள் முடித்து, கும்பகோணத்தில் சாப்பிட்டு, இரண்டரைக்குத் தஞ்சாவூர் அறை. ஐந்து மணிக்குப் பெரிய கோயில். 1010இல் முடிந்த விமானம், 60 மீட்டருக்கு மேல் உயரம். வெயில் தாழும்போது கல்லின் நிறம் மாறுவதைப் புல்தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். விளக்குப் போட்ட பிறகு கிளம்பினால் போதும்.

புதன்கிழமை புதுக்கோட்டை வழியாகத் திருமயம். ஒற்றைப் பாறை மேல் கோட்டை, ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம். ஒன்பதரைக்குள் ஏறிவிடுங்கள். கீழே குடைவரைக் கோயில்களும் உண்டு. ஆசையிருந்தால் சித்தன்னவாசலை இதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், கூடுதலாக வேண்டாம். மதியத்துக்குள் கானாடுகாத்தான்.

அங்கே இரண்டு இரவு. தங்குமிடமாக மாற்றிய செட்டியார் வீடுகளில் மறுநாள் மதியச் சாப்பாட்டை முந்தின மாலையே சொல்லவேண்டும், வாழை இலை போட்டு அவர்கள் சமைப்பது ஆள் கணக்குப் பார்த்துத்தான். வெள்ளைப் பணியாரமும் கவுணி அரிசியும் வேண்டுமென்றால் அப்போதே கேளுங்கள். வியாழக்கிழமை காலை ஆத்தங்குடி, கையால் தரை ஓடு செய்கிற ஊர். கண்ணாடித் தட்டின் மேல் தகர அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு அச்சை அலுங்காமல் தூக்குவார்கள். கலர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், கலக்காது. அந்த ஒரு நொடிக்காகவே அரை மணி நேரம் நிற்கலாம். அதன் மேல் உலர்ந்த கலவை, அதற்கு மேல் காரை, பிறகு தண்ணீர்த் தொட்டி. வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது, பாலிஷ் கிடையாது. ஆசைப்பட்டு டிக்கியை நிரப்பிவிடாதீர்கள். எட்டுக்கு எட்டு அங்குல ஓடு ஒன்று ஏறக்குறைய இரண்டு கிலோ, முப்பது ஓடு என்றால் இன்னொரு ஆளை ஏற்றிய கனம். லாரி பார்சலில் போடச் சொல்லலாம். அன்று மாலைக்கு ஒரு திட்டமும் வேண்டாம். முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்காருங்கள்.

வண்டிக்குள்

இருவரும் ஓட்டத் தெரிந்தவர்கள் என்றால் 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறுங்கள், களைப்பு வந்தபிறகு மாறுவது தாமதம். ஓட்டாதவர் கையில் மேப், சுங்கச்சாவடி, தண்ணீர், போன். ஓட்டுபவரின் போனும் அவரிடமே இருக்கட்டும். அலுவலக அழைப்புகளுக்கு அறைக்குப் போனபின் மாலையில் அரை மணி நேரம், அவ்வளவுதான். வழி தப்பினால் திருப்பம் பார்த்துத் திரும்புங்கள். யார் தப்பு என்ற விசாரணையை அறைக்குப் போய் வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் அதற்குள் மறந்திருக்கும். பாட்டு ஆளுக்கு ஒரு மணி நேரம், அடுத்தவர் நேரத்தில் முகம் சுளிக்கக் கூடாது.

செலவு

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் என்றால் 70 லிட்டர், நூறு ரூபாய் சொச்சம் வைத்து 7,500. சுங்கம் 1,000. புதுச்சேரியிலும் தஞ்சாவூரிலும் நடுத்தர அறை 3,500 வீதம் 7,000, தரங்கம்பாடி 5,000, கானாடுகாத்தான் இரண்டு இரவு 14,000. சாப்பாடு நாளுக்கு 1,500 என்று 9,000. நுழைவு, பார்க்கிங், காலணி வைக்கும் இடம், டீ எல்லாம் 2,000. மொத்தம் 45,500. அவசரத்துக்கு 4,500 சேர்த்து 50,000 என்று ஒரே கணக்கில் தனியாக எடுத்துவையுங்கள், வழியில் "இது உன் செலவா என் செலவா" என்ற பேச்சு வராது. குறைக்க வேண்டுமென்றால் கானாடுகாத்தானில் ஒரு இரவு மட்டும், மற்றொன்றைக் காரைக்குடி லாட்ஜில் போடுங்கள், 4,000 மிச்சமாகும். நாட்களைக் குறைப்பதைவிட அது மேல். கண்டாங்கிச் சேலையும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

திரும்பும் நாள்

வெள்ளி காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குத் திருச்சி. அங்கே உட்கார்ந்து டிபன் சாப்பிடுங்கள், அதற்கப்புறம் 325 கிலோமீட்டர் நேர் சாலை. தூக்கம் வருவது அங்கேதான். சாலை நன்றாக இருப்பதால் கண் அசரும், பொங்கல் வடை சாப்பிட்டால் இன்னும் சீக்கிரம். இட்லியோடு நிறுத்திக்கொண்டு, விழுப்புரம் வருவதற்குள் ஒருமுறை கட்டாயம் நிறுத்தி முகம் கழுவுங்கள். கொட்டாவி இரண்டு முறை வந்தால் ஏசியைக் கூட்டிப் பயனில்லை, ஓரங்கட்டி இருபது நிமிஷம் தூங்குவதுதான் வழி. இரண்டு மணி வாக்கில் வீடு.

சனிக்கிழமை வண்டியை அடிப்பாகத்தோடு கழுவச் சொல்லுங்கள், கடற்கரை உப்புக்காற்றில் இரண்டு இரவு நின்ற வண்டி. சக்கரத்துக்கு உள்பக்கம் சிக்கிய வைக்கோலும் அப்போதுதான் வெளியே வரும். ஃபாஸ்டேக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். ஒரே சாவடியில் இரண்டு முறை பணம் போயிருந்தால் டேக் கொடுத்த வங்கியிடம் புகார் செய்து திரும்ப வாங்கலாம்.